தபீதாள் புதன்கிழமை எழுதிய பாட்டு

தபீதாள் ஒரு பாட்டை எழுதுவதற்கு மூன்று நாள் முன்பே அது தாம்பரத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். அறுபத்து மூன்றாம் வருஷம் ஆகஸ்டில்தான் இது முதன்முதலில் தெரியவந்தது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, ரயில் டிரைவர் ஒருவர் தன் கிதாரை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் தன் முதல் பாட்டைக் கட்டி முடித்து, செருப்புக்கூடப் போடாமல் இரும்புலியூருக்கு ஓடினாள். அங்கே நெல்வயல்காரர் வீட்டுப் பிள்ளை குப்புராஜ் பாங்கோஸ் வாசிப்பான். அவள் முதல் அடியைப் பாடினாள். இரண்டாவது அடியை அவன் பாடினான்.

"இன்னாக்கா, புச்சுன்னு சொல்ற? திங்கக்கெயமலேர்ந்து பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புல அல்லாரும் இதத்தான பாடிக்கினு கீறாங்க!"

தபீதாள் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் இரண்டாவது பாட்டு வந்தது, அதற்கும் இதே கதி. வேகமாக எழுதினால் ஊரை முந்திவிடலாம் என்று ஒருமுறை நினைத்தாள். ஓடும் பஸ்ஸில், யோசிக்காமல், டிக்கெட்டின் பின்பக்கத்தில் கிறுக்கித் தள்ளினாள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர் அதன் இரண்டாவது சரணத்தை விசிலடித்துக்கொண்டேதான் மீதிச் சில்லறையும் கொடுத்தார்.

ஒன்று சொல்லவேண்டும், இதனால் அவளும் குப்புராஜும் சேர்ந்து நடத்திய பாட்டுக் குழுவுக்கு வந்த பெயர் கொஞ்சநஞ்சமல்ல. பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்தக் கல்யாண வரவேற்பிலும் தபீதாள்தான். புதுப் பாட்டை முதல் தடவையாக அவள் பாடும்போதே பந்தலில் இருந்த அத்தனை பேரும் கூடவே பாடினார்கள், பந்தி பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியில் தாளம் தட்டினார்கள். சேலையூர்க் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, பல்லவி முடியட்டும் என்று காத்திருந்தார். நல்ல நேரமும் கூடவே காத்திருந்தது என்று பஞ்சாங்கம் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆனால் அவள் மனசுக்குள் ஒரு முள் இருந்தது. மவுண்ட் ரோட்டில் இசைத்தட்டு போடும் கம்பெனி ஒன்று அவளுடைய பாட்டுகளை ஒவ்வொன்றாக வெளியிட்டது. அதன் மானேஜர் சாம்பசிவன் நல்ல மனிதர், குரோம்பேட்டைக்காரர், பொய் பேசமாட்டார். அதுதான் தொந்தரவாகிவிட்டது. "உங்க குரல் தங்கம்மா. ஆனா எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிற அம்மா இதைப் போன வாரமே பாடினாங்க. ஊர்ப் பாட்டுக்கு யார் பேரைன்னு போடறது?" என்பார். 'பாடியவர்: செல்வி தபீதாள்' என்று கீழே சின்னதாகவும், பாட்டு எழுதியவர் இருக்கவேண்டிய இடத்தில் 'பழம்பாடல்' என்று பெரிதாகவும் அச்சாகிவரும். குரல் கடவுள் கொடுத்தது, அதற்குப் பெயர் சின்னதாக வந்தால் போகட்டும். பாட்டு அவள் ராத்தூக்கம் கெட்டுக் கட்டியது. 'இது தபீதாள் எழுதினது' என்று ஒரே ஒரு தட்டில் பார்த்துவிட்டால் போதும் என்று ஏங்கினாள்.

அறுபத்தொன்பதில் ஊர்க்காரர்களே இதற்கு ஒரு வழி பண்ணப் பார்த்தார்கள். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் கீரை விற்கும் கிளியம்மாள்தான் ஆரம்பித்தது. "பாவம் டீச்சரு. மூணு நாளு வாய மூடிக்கினு இருந்தா நம்ம சொத்தா பூடும்?" என்றாள். அவ்வளவுதான், வண்டலூர் வரைக்கும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர்கள் விரலால் விலை சொன்னார்கள். ஆனால் தொண்டைக்கு யார் பூட்டுப் போடுவது? உதட்டை மூடிக்கொண்டு மூன்று நாளும் எல்லோரும் முனகினார்கள். நான்காம் நாள் தபீதாள் எழுத உட்கார்ந்தாள். வந்த பாட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை, மூன்று நிமிஷமும் வெறும் 'ம்ம்ம்'தான். அந்த வருஷம் அதிகமாக விற்ற இசைத்தட்டு அது. அதன்மேலும் 'பழம்பாடல்' என்றே போட்டிருந்தது.

எழுபத்து நான்கில், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, கோயிலில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தபோது தபீதாளுக்கு நாக்கு நின்றுவிட்டது. கடைசிச் சரணத்தில் அதை இயற்றிய புலவரின் பெயர் வந்தது. நாலு வயதிலிருந்து பாடுகிற பாட்டு, அதில் ஒரு மனுஷனின் பெயர் இருப்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அவள் வீட்டில் சொந்தப் பெயரைச் சொல்வதே பெருமை, பெருமை பாவம். அவள் அப்பா, ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஞானையா, தான் சொந்தக் காசில் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்த பெஞ்சில் பெயர் எழுதவந்த ஆசாரியைத் துரத்தியவர். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு நாற்பத்தொரு பாட்டு எழுதியும் ஒன்றிலாவது தன் பெயரை வைக்கத் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை. புதன்கிழமை ஒரு பாட்டு எழுதுவது, கடைசி அடியில் தன் பெயரை வைப்பது என்று அங்கேயே தீர்மானித்தாள். ஆசீர்வாதம் முடிவதற்குள் முன்வரிசையில் அப்பாவின் நரைத்த பிடரியைப் பார்த்துப் பயந்து, வேண்டாம் என்றும் தீர்மானித்தாள். வெளியே வந்தால், கிளியம்மாள் காலிக் கூடையை ஆட்டிக்கொண்டே பாடிப் போகிறாள்:

எட்டு மணி வண்டியிலே எனக்கும் ஒரு இடம் போடு
தாம்பரத்துத் தபீதாள் பாட்டுக்கொரு தாளம் போடு

"தே, டீச்சரு! உம் பேருதான இதுல வர்து? யாரு கட்னது?"

"நான்தான்," என்றாள் தபீதாள். "புதன்கிழமை."

இனி எழுதாமல் இருக்கமுடியாது. நடுரோட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சாம்பசிவன் வீடு திரும்பிய மின்சார ரயிலில், சைதாப்பேட்டை தாண்டியதுமே பெட்டி முழுக்க இதைத்தான் பாடியது. அவரும் பலகையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். கடைசி அடியில் கை நின்றது. உயிரோடு இருக்கிற ஒரு கணக்கு டீச்சரின் பெயர் பழம்பாட்டில் வருவதற்கு வழியே இல்லை. பழைய நாற்பத்தொன்றும் யாருடையவை என்று அவருக்கு அப்போது புரிந்தது. பரங்கிமலை வருவதற்குள் கைக்குட்டை நனைந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் அவர் தாம்பரத்துக்கு வந்தார், கையில் அச்சடித்த லேபிள், வட்டக் காகிதம், நடுவில் ஓட்டை. 'பாட்டும் மெட்டும் குரலும்: தபீதாள் ஞானையா.'

"பாட்டு எங்கேம்மா?"

"சாயங்காலம் எழுதறேன், சார்."

"நிதானமா எழுதுங்க. அவசரமே இல்லை."

எழுதி முடிக்க நாலு மணி நேரம் ஆனது. தெருவில் யாரைக் கேட்டாலும் அடுத்த அடியைச் சொல்லியிருப்பார்கள், ஆனால் அவள் கேட்கவில்லை. ஒரு வார்த்தையை மூன்று தடவை அடித்து அடித்து எழுதினாள்.

ஜூலையில் தட்டு வந்தது. அதுவரைக்கும் ஞானையா அந்தப் பாட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் பிளேயரை இரவல் வாங்கி, தானே ஊசியை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்தார். தபீதாள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசி அடி வந்தது, அவள் பெயர் வந்தது.

"ஆமென்," என்றார் ஞானையா. பிறகு ஊசியை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து வைத்தார்.