மூன்றாம் கட்டத்து மர ஆணிகள்

ஹார்லோ மில்ஸ் பாலத்தைத் திரும்பக் கட்டும் வேலை என் கைக்கு வந்தபோது, என் தம்பி மெரில் காணாமல் போய் இருபது மாதம் ஆகியிருந்தது. வெள்ளத்தன்று பாலத்தில் சிக்கிய மரங்களைக் கொக்கியால் தள்ளிவிடப் போனவன் அவன். நூற்று அறுபது வருஷம் நின்ற மரப்பாலம், கூரையும் சுவர்களுமாக, ஒரு வீடே கிளம்பிப் போவதுபோல் ஆற்றோடு போயிற்று. ஆறு ஓடும் திசையில் பதினொரு மைல் தூரம் தேடினார்கள். பாலத்தின் துண்டுகள் கிடைத்தன. அவன் கிடைக்கவில்லை.

ஊர்க்கூட்டத்தில் கான்கிரீட் பாலமே போதும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். மெரிலின் மனைவி லோயிஸ் பின்வரிசையில் எழுந்து நின்றாள்.

"பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே கட்டுங்க. இல்லேன்னா கட்டவே வேணாம்."

கான்கிரீட் பேச்சு அத்தோடு முடிந்தது.

பழைய வரைபடம் ஊர் அலுவலகத்துப் பெட்டியில் இருந்தது. இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக, குறுக்குமறுக்காகப் பின்னிய பலகைகள். அவை சந்திக்கும் இடமெல்லாம் துளை. துளைக்குள் ஓக் மர ஆணி. இரும்பு கிடையாது. ஆயிரத்துச் சொச்சம் ஆணிகளை இயந்திரத்தில் கடைந்து, ஒரே மாதிரி வழவழப்பாக வைத்திருந்தோம்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நாங்கள் ஐந்து பேரும் கரைமேல் லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டோம். பாலம் எங்கள் கண்ணெதிரில்தான் இருந்தது. திரும்பி வந்தபோது, மேற்குக் கரையிலிருந்து மூன்றாவது கட்டத்தில், காலியாக விட்டுப்போன ஒரு துளையில் ஆணி இறங்கியிருந்தது. கறுத்த ஆணி. விரலை வைத்தால் ஈரம் ஒட்டியது.

"ராய்ஸ், விளையாட்டெல்லாம் வீட்டோட வச்சுக்க," என்றேன். ராய்ஸ் டுகெட் இருபது வருஷமாக என்னோடு வேலை செய்கிறவன். முன்பு ஒரு தடவை என் தொப்பிக்குள் தவளையை வைத்தவன்.

"நானா? என் இடுப்பு இருக்கிற லட்சணத்துக்கு, கீழ விழுந்த ஆணியை எடுக்கவே ஆள் கூப்பிடறேன். இதுல ஒளிஞ்சு ஒளிஞ்சு வேற அடிப்பேனாக்கும்!"

மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் ஒன்று. எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஒன்றைத் தட்டி வெளியே எடுத்துப் பார்த்தேன். கத்தியால் கையாலேயே சீவியது. சீவிய தடங்கள் எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சரிந்திருந்தன. இடதுகைக்காரன் சீவினால்தான் அப்படி வரும். மெரில் இடதுகைக்காரன். நான் அதை ராய்ஸிடம் சொல்லவில்லை. அவனும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆணியை அதே துளையில் திரும்ப வைத்தேன்.

ஒன்பதாம் நாள் சத்தம் கேட்டது. ஐந்து பேர் வாயிலும் ரொட்டி. பாலத்துக்குள்ளிருந்து கொட்டாப்புளியால் ஆணி அடிக்கும் ஓசை. மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. வெயில் பளீரென்று அடித்தது. பாலத்துக்கு அப்போது கூரைகூட ஏறவில்லை. பின்னிய பலகைகளின் சந்து வழியே எதிர்க்கரைப் புல்வெளி தெரிந்தது. உள்ளே யாரும் இல்லை. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு காருக்குப் போனான். திரும்பி வரவில்லை.

ஆய்வுக்கு வந்த பொறியாளர் கார்லா, ஈரம் அளக்கும் கருவியை ஆணியில் குத்தினாள். எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி குத்தினாள்.

"இது தண்ணிக்குள்ளயே கெடந்த மரம். ஒரு வருஷத்துக்குக் குறையாது. எப்ப அடிச்சீங்க?"

"நாங்க அடிக்கல."

"பின்ன யாரு?"

கார்லா கருவியைப் பைக்குள் போட்டாள்.

"யாரு அடிச்சிருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடுங்க. காஞ்சா சுருங்கும், பிடிப்பு விட்டுடும்."

வியாழக்கிழமை லோயிஸ் வந்தாள். யார் சொன்னார்களோ தெரியாது. கறுத்த ஆணிகள் ஒவ்வொன்றின்மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இருபத்து மூன்று இருந்தன.

"எவரெட், எல்லாம் ஒரே எடத்துலதான இருக்கு?"

ஆமாம். முழுப் பாலத்திலும் அந்த ஒரு கட்டத்தில் மட்டும். தினமும் பார்த்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

அவள் மண்டியிட்டு, தளம் போடாத சந்து வழியே கீழே பார்த்தாள். வெள்ளம் கொண்டுவந்து குவித்த கூழாங்கல் மேடு நேர் கீழே கிடந்தது.

"அங்க தேடினாங்களா?"

"பாலமே அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சே லோயிஸ். அவனும் அதோட..."

"அவன் பாலத்தோட போனான்னு யாரு பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை. கொட்டுகிற மழையில் யார் பார்த்திருக்க முடியும்? நாங்களாக நினைத்துக்கொண்டதுதான்.

மறுநாள் காலை மண்வாரி இயந்திரத்தை மேட்டில் இறக்கினோம். ஓட்டியது ராய்ஸ். ஆறடி ஆழத்தில் மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்ததும் இயந்திரத்தை நிறுத்தினான். அதற்குக் கீழே நானும் அவனும் கையால்தான் கல்லை அள்ளினோம். லோயிஸ் கரையில் நின்று பார்த்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் நிற்காமல் அள்ளிக்கொண்டே இருந்தது. ராய்ஸ்தான் பிடித்து நிறுத்தினான்.

அடக்கம் முடிந்தது. அதன்பிறகு பாலத்தில் சத்தம் இல்லை. ஒரே வாரத்தில் ஆணிகள் காய்ந்து சுருங்கி, இரண்டு விரலால் இழுத்தால் வரும்படி ஆயின. எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு லோயிஸ் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் வாசலிலேயே தலையை ஆட்டினாள்.

"எனக்கு வேணாம். ஆத்துலயே போட்டுடு."

போட்டேன். காய்ந்து நெட்டிபோல் லேசாக இருந்த மரத்துண்டுகள். ஒன்றுகூட மிதக்கவில்லை. இருபத்து மூன்றும் கல்லைப்போல் நேரே உள்ளே போயின. நீர்மேல் ஒரு குமிழிகூட வரவில்லை. வாளியைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்தத் துளைகளுக்குப் புது ஆணி அடித்தோம். கூரை ஏறியது. அக்டோபரில் பாலத்தைத் திறந்தார்கள். முதல் வண்டியாக லோயிஸின் லாரி உள்ளே போனது. மூன்றாவது கட்டத்தில் அவள் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்தாள். பின்னால் பன்னிரண்டு கார்கள் நின்றன. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பிறகு அவள் வண்டியைக் கிளப்பி எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள்.