உறைக்குள் வைத்த கடன்

அறுநூற்று எண்பத்தைந்து டொலர். தர்சினி லக்சிகாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது அவ்வளவுதான். சட்டப் படிப்புக்குப் பிந்திய பயிற்சியின் கடைசித் தவணைக்குக் காசு தட்டுப்பாடானபோது, லக்சிகா தன் கார்டால் கட்டிவிட்டு, "மெல்லத் தாவன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது.

இருவரும் நோபல் பார்க் என்ற புறநகரில் வளர்ந்த பிள்ளைகள். பல்கலைக்கழகத்தில் முதல் பத்துப் பேருக்குள் தர்சினி. லக்சிகாவோ பரீட்சைக்கு முதல்நாள் தர்சினியின் குறிப்புகளைப் படித்துக் கரையேறியவள். நகரத்துப் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றுக்கு இருவரும் விண்ணப்பித்தார்கள். லக்சிகாவை எடுத்தார்கள். தர்சினிக்கு இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது.

"நேர்முகத்தில என்னடி கேட்டவை?"

"பனிச்சறுக்குப் போறனியோ எண்டு. ஓம் எண்டன். அரை மணித்தியாலம் அதையே கதைச்சம்."

பனிக்காலச் சனிக்கிழமைகளில் தர்சினி சுப்பர்மார்க்கெட்டில் பால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் நீதிமன்றத்தில் வாதாட வேண்டும் என்று கனவு கண்டதும் அந்தப் பெட்டிகளுக்கு நடுவேதான். பரீட்சையில் வாங்கிய புள்ளிகளை எந்தக் கடையில் மாற்றுவது என்று அவளுக்கு இப்போது விளங்கவில்லை.

லக்சிகாவுக்கு வேலை கிடைத்ததற்கு பக்கத்து ஊரான டண்டினொங்கில் மண்டபம் எடுத்து மதியச் சாப்பாடு போட்டார்கள். குடும்ப நண்பர் தேவராஜா அங்கிள் தட்டோடு வந்து நின்றார்.

"பிள்ளை, நீதானே கெட்டிக்காரி எண்டு சொல்லுறவை. உனக்கு எந்தக் கொம்பனி?"

"பாத்துக்கொண்டிருக்கிறன் அங்கிள்."

"பாத்துக்கொண்டே நில், புரியாணி முடியப்போகுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லக்சிகாவும் சிரித்தாள். தர்சினியின் கைப்பையில் சுப்பர்மார்க்கெட் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு முழுவதும் இருந்தது. நேரே கொடுத்தால், "இப்ப என்ன அவசரம்?" என்று இன்னொரு தரம் பெருந்தன்மை காட்டுவாள். அதைக் கேட்கத் தெம்பில்லை. அறுநூற்று எண்பத்தைந்தையும் உறைக்குள் வைத்து, தன் பெயரை எழுதி, மற்ற அன்பளிப்புகளோடு லக்சிகாவின் கையில் திணித்தாள். எண்ணிப் பார்த்தால் அவளுக்கே விளங்கும். அன்றுதான் தர்சினி பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் நம் வீடுகளில் உறை உடைப்பது பிள்ளையா? தாய்தான்.

சில மாதத்தில் தர்சினிக்கும் வேலை கிடைத்தது. டண்டினொங்கில் மளிகைக் கடைக்கு மேலே, விசா வழக்குகள் பார்க்கும் சின்ன அலுவலகம். "அவையின்ர சாப்பாட்டுக்கு நாங்கள் போனனாங்கள், அவையும் வரவேணும்" என்று அப்பா அருந்தவன் வீட்டிலேயே விருந்து வைத்தார். லக்சிகாவின் தாய் இராஜேஸ்வரி அன்ரி தர்சினியின் கன்னத்தைக் கிள்ளி ஓர் உறையைக் கொடுத்தார்.

"எங்கட பிள்ளைக்கு நீ அள்ளித் தந்தனி. நாங்கள் மறப்பமே?"

உள்ளே எழுநூற்றியொரு டொலர். ஒற்றை டொலர் நாணயக் குத்தி ஒட்டுநாடாவில் பளபளத்தது. கடன் போன வழியாலேயே திரும்பி வந்து அவள் மடியில் குந்தியிருந்தது.

லக்சிகாவைக் குசினிக்குள் இழுத்துப் போனாள்.

"அண்டைக்கு உறைக்குள்ள தந்த காசு உனக்கு நான் தரவேண்டியது. கொம்மா அதை அன்பளிப்பெண்டு நினைச்சிட்டா."

"எந்தக் காசு?"

"பயிற்சிக்குக் கட்டினனியெல்லோ."

லக்சிகா நெற்றியைச் சுருக்கினாள். "ஐயோ, அதை நான் எப்பவோ மறந்திட்டனடி!"

எத்தனை சனிக்கிழமை தர்சினி அந்தக் காசை நினைத்துப் பெட்டி தூக்கியிருப்பாள்! இவளுக்கு அது நினைவில் நிற்கக்கூட இல்லை. பெரிய வேலையை விட, அந்த மறதியின் மேல்தான் அவளுக்குப் பொறாமை பொங்கியது.

உறைக் காசைத் தன் பணப்பையில் சில்லறை மாற்றி, கடனை மட்டும் எடுத்து நீட்டினாள். லக்சிகா அப்படியே மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள்.

"எண்ணு."

"விசரே உனக்கு?"

"எண்ணடி."

லக்சிகா முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்காமல், தாள் தாளாக, வாய்விட்டு எண்ணினாள்.

"அறுநூற்றி எண்பத்தைஞ்சு. சரியோ?"

"ஓம். மிச்சம் பதினாறு டொலர் அன்ரி எனக்குத் தந்தது. அது என்ர."

லக்சிகா தலையசைத்தாள். தர்சினி ஒரு டொலர்க் குத்தியில் இருந்த ஒட்டுநாடாவை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, விருந்தினருக்குப் பாயாசம் ஊற்றப் போனாள்.