செல்லியம்மா மகனின் எடை

எல்லோரும் நல்லா இருக்கிறீர்களா? முட்டிவலி, சளி எல்லாம் எப்படி? பனிக்காலம் வந்துவிட்டது, வெந்நீர் குடியுங்கள். சாந்திபுரம் செல்லியம்மாவின் மகன் கோவர்த்தனன் 1992ஆம் வருஷம் ஆடி மாதம் ஐம்பத்து நாலு கிலோ இருந்தான். 1999 தை மாதத்தில் அவனுக்கு எடையே இல்லை. ஆள் இருந்தான். உயரம் அதே உயரம், குரல் அதே குரல், மீசை மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் அடர்த்தி. குப்பம் ரயில் நிலையத்தில் காசு போட்டால் அட்டை தள்ளுகிற எடை மெஷின் ஒன்று இருந்தது. அதில் ஏறி நின்றான். ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் ‘பிரயாணத்தில் வெற்றி உண்டு’ என்று அச்சடித்து வந்தது. பெங்களூருக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் அவனை அங்கே இன்றைக்கும் பார்க்கலாம். அதனால் போகிற வழி, உட்காருகிற இடம் எல்லாவற்றையும் இதிலேயே சொல்லிவிடுவது உத்தமம்.

செல்லியம்மாவுக்கும் அவள் புருஷன் பச்சையப்பனுக்கும் அரசாங்கம் பட்டா கொடுத்த இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. அவர்கள் வம்சத்தில் முதன்முதலாகச் சொந்தம் என்று வந்த மண் அது. வேர்க்கடலை போட்டார்கள். மூன்று வருஷம் மழை வரவில்லை, நாலாம் வருஷம் வந்த மழை கடலையைப் பிடுங்குகிற வாரத்தில் வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஊர் இளவட்டமெல்லாம் காலையில் பெங்களூர் ரயிலில் ஏறி ராத்திரி திரும்ப ஆரம்பித்தார்கள். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை திரும்பினார்கள், அப்புறம் பொங்கலுக்கு. ரேஸ் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிற வேலையில் இருந்த பக்கத்துத் தெரு பாலசுந்தரம், கோவர்த்தனனை ஏற இறங்கப் பார்த்து, “இவன் ஒடம்பு குதிர ஒடம்புக்குன்னே செஞ்சது அக்கா, என்னோட அனுப்பு” என்றான். செல்லியம்மா கிழக்கே திருமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். மகனுக்கு வேலை நிலைத்தால் தராசில் உட்காரவைத்து எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். நூறு நாளில் வேலை நிலைத்துவிட்டது.

வேண்டுதலை உடனே செலுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஐம்பத்து நாலு கிலோ வெல்லம் என்றால் வீட்டில் இருந்த இரண்டு ஆட்டையும் விற்க வேண்டும். பொங்கலுக்கு வந்த கோவர்த்தனன் ஐம்பதுக்கு இறங்கியிருந்தான். குதிரைமேல் ஏறி ஓட்டிப் பழக்குகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள், அதற்கு எடை குறைவாக இருக்க வேண்டும். பச்சையப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா அவசரம்? சாமி எங்க ஓடிப்பூடப் போவுது? இன்னும் ஒரு வருசம் போனா நாப்பத்தாறுக்கு வருவான். எட்டு கிலோ வெல்லம் மிச்சம்.”

“சாமிகிட்டயே பேரம் பேசுறியா நீ?”

“பேரம் எங்க பேசினேன்? எடைக்கு எட தானே வேண்டிக்கினே? எட எவ்ளோன்னு வேண்டிக்கினியா?”

செல்லியம்மா சிரித்தாள். சிரித்ததோடு விட்டாள். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு அவள் பல வருஷம் நொந்துகொண்டாள்.

அடுத்த வருஷம் நாற்பத்தேழு. வெல்லம் விலை ஏறியிருந்தது, இன்னும் ஒரு வருஷம் பொறுத்தார்கள். அவன் ஜாக்கி ஆனான். வெயிலில் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு ஓடி வேர்த்தான், ஆவி அறையில் உட்கார்ந்தான், காலையில் அரை தோசை தின்று மதியத்துக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை உறிஞ்சினான். நாற்பதுக்கு வந்தபோது ட்ரெய்னர் போதும் என்றார். அவனும் நிறுத்திக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிட்டான். எடை நிற்கவில்லை. முப்பத்தொன்று, இருபத்து மூன்று, பத்து என்று படி இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்கிக்கொண்டே போனது. பெரிய டாக்டர் பார்த்து, ரத்தம், சிறுநீர், எலும்பு எல்லாம் சரியாக இருக்கிறது, எடை மட்டும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பந்தயத்தில் ஒவ்வொரு குதிரையும் இவ்வளவு பாரம் சுமக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஜாக்கி குறைந்தால் சேணத்துக்கு அடியில் ஈயத்தகடு வைத்து நிரப்புவார்கள். கோவர்த்தனனுக்கு ஒரு தகட்டில் ஆரம்பித்து முழுக்கவும் ஈயமாகவே ஆகிவிட்டது. பந்தயம் நடத்துகிற பெரியவர்கள் கூடி விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஜாக்கி இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இருந்ததே ஒழிய, இவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு பக்கத்திலும் இல்லை. சரி, ஓட்டட்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வரும்போது கால்சட்டைப் பைகளில் ஈயத்தகடு போட்டுக்கொண்டு தம் தம் என்று நடந்து வருவான். மகன் உடம்பு தேறிவிட்டது என்று செல்லியம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தையில் துணி துவைக்க எடுத்தபோதுதான் தகடுகள் கல்லில் விழுந்தன. ஓடிவந்து பார்த்தாள். லுங்கி கட்டிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கயிறு ஒரு நூல்கூடத் தொய்யவில்லை. மடியில் படுத்திருந்த பூனைக்கு மட்டும் தொய்ந்திருந்தது. வேண்டுதலைத் தள்ளிப்போட்டதுதான் மகன் எடையை எடுத்துக்கொண்டது, செலுத்திவிட்டால் திரும்பி வரும் என்று அவள் மனதில் அன்றைக்கே விழுந்துவிட்டது. திருமலைக்குக் கூப்பிட்டால், சீசன் நடந்துகினு கீதும்மா, அப்பால பாக்கலாம் என்றான். அடுத்த ரயிலில் போய்விட்டான். மாசி மாதம் அவளே அவனைப் பிடித்துவரப் புறப்பட்டாள்.

அவள் போன வழியே எல்லோருக்கும் சௌகரியம். குப்பத்தில் காலை வண்டி பிடித்தால் பெங்களூரில் இறங்கிப் பொடிநடையாகவே மைதானம் போய்விடலாம், ஆட்டோ வேண்டாம். குளிர்கால சீசன் ஐப்பசி கார்த்திகையில் தொடங்கிப் பங்குனி வரை. முதல் பந்தயம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான், ஆனால் முன்னதாகவே போனால் கம்பி ஓரம் இடம் கிடைக்கும். உயர்ந்த வகுப்பு நுழைவாசலில் ரப்பர் செருப்புக்கு அனுமதி இல்லை. பொது வாசலில் யாரும் காலைப் பார்ப்பதில்லை. வாசலில் குதிரைப் பட்டியல் புத்தகம் விற்பார்கள், படிக்கத் தெரியாவிட்டாலும் வாங்கலாம், வெயிலுக்குத் தலையில் வைத்துக்கொள்ள ஆகும். தின்பண்டம் உள்ளே விட மாட்டார்கள். செல்லியம்மாவின் முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்ன காவல்காரன் உள்ளே வெல்ல உருண்டையைப் பார்த்துத் திடுக்கிட்டான். கோலார் பக்கத்து ஆள், தமிழ் வந்தது.

“ஓடுற குதிரைக்கு வெல்லம் குடுக்க வந்தியா? ஜெயில்ல போட்டுடுவாங்கம்மா.”

“குதிரைக்கு இல்ல நைனா, எம்புள்ளைக்கு.”

“உம்புள்ள யாரு?”

“ஜாக்கி.”

“அப்ப கண்டிப்பா கூடாது” என்று அவன் வாங்கி வைத்துக்கொண்டான்.

ஓடுவதற்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுகிற இடம் ஒன்று உண்டு. புதிதாகப் போகிறவர்கள் அங்கே நிற்பது நல்லது, அதற்குத் தனிக்கட்டணம் இல்லை. பக்கத்தில்தான் ஜாக்கிகளை எடை போடுகிற அறை. சேணத்தைக் கையில் ஏந்தித் தராசு நாற்காலியில் மகன் உட்கார்ந்ததைச் செல்லியம்மா கம்பி வழியாகப் பார்த்தாள். முள் ஐம்பத்திரண்டில் நின்றது. அவள் நெஞ்சு குளிர்ந்துபோனது. பிறகு அவன் சேணத்தைப் பாலசுந்தரத்திடம் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான், ஏதோ சரிபார்க்க. முள் பூஜ்யத்துக்கு வந்து படுத்துக்கொண்டது. எடை பார்க்கிறவர் கொட்டாவி விட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தப் பந்தயத்தில் கோவர்த்தனன் இரண்டாவதாக வந்தான். பின்னாலிருந்த ஒருவர், “ஈயம் நல்லாத்தான் ஓட்டிச்சு” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்லியம்மா திரும்பி, “அந்த ஈயத்துக்குப் பேரு கோவர்த்தனன், நான் பெத்தது” என்றாள். சாயங்காலம் வாசலில் காத்திருந்து அவன் கையைப் பிடித்தவள் குப்பம் வரை விடவில்லை. ரயிலில் கூட்டம், அவனை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். இருபத்தாறு வயசு ஆளை மடியில் வைத்திருக்கிறாயே, கால் மரத்துப்போகாதா என்று எதிரே இருந்தவள் கேட்டாள். மரத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று செல்லியம்மா சொன்னாள்.

இரண்டு ஆட்டையும் விற்றார்கள். பலமநேர் வழியாகச் சித்தூர் போய் மண்டியில் ஐம்பத்து நாலு கிலோ வெல்லம் எடுத்தார்கள். அவன் வீட்டைவிட்டுப் போனபோது எவ்வளவோ அவ்வளவு, ஒரு பலம் குறையக்கூடாது என்று செல்லியம்மா நின்று நிறுத்து வாங்கினாள். திருப்பதி பஸ்ஸில் ஏற்றி, மலையில் இறக்கி, பச்சையப்பன் மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு துலாபாரம் வரிசையில் நின்றார். வரிசை நகர நகர கோவர்த்தனன் தாயின் காதில் சொன்னான்.

“மா, தகடு பையில கீது. கட்டிக்கினு ஒக்காந்துக்கட்டுமா? ஐம்பத்து நாலு கரெக்டா காட்டும். யாருக்கும் தெரியாது.”

செல்லியம்மா பையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“ஈயத்த எடபோட்டா ஈயத்துக்குத்தான்டா வேண்டுதல் தீரும். உனுக்குத் தீராது. அப்டி வெச்சிட்டு வா.”

அவன் பையைத் தரையில் வைத்துவிட்டு ஒரு தட்டில் ஏறிச் சம்மணம் போட்டான். எதிர்த்தட்டு காலியாகத் தொங்கியது. இரண்டும் நேர்கோட்டில் நின்றன. தராசுக்காரர் வயசானவர், மலையில் எத்தனையோ பார்த்தவர், புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. அவ்வளவுதான், இறங்கலாம் என்று தெலுங்கில் சொன்னார். செல்லியம்மா மூட்டையை அவிழ்த்து ஒரு உருண்டையை எடுத்துக் காலித்தட்டில் வைத்தாள். தட்டு டங்கென்று கீழே இடித்தது, கோவர்த்தனன் மேலே போய் அவர்கள் தலைக்கு மேல் நின்றான்.

“எக்குவ அயிந்தி தல்லி, தீசெய்யி,” என்றார் தராசுக்காரர், கூடுதலாகிவிட்டது, எடுத்துவிடு என்று.

“எக்குவ இல்ல சாமி. ஐம்பத்து நாலு பாக்கி. தள்ளிப்போட்டது நாங்க. தப்பு எங்களுது. எடுத்துக்குங்க.”

வேண்டுதல் எடைக்கு எடைதானே அம்மா, அவன் எடைக்கு இது ஒரு உருண்டை கூடுதல், காணிக்கையாகத் தனியே கொடுக்க வேண்டுமானால் தாராளமாகக் கொடுங்கள், துலாபாரம் முடிந்துவிட்டது என்று அவர் பொறுமையாகவே விளக்கினார். தனியே கொடுக்க அவளுக்குச் சம்மதமில்லை. அவள் வேண்டிக்கொண்டது அது இல்லை. உருண்டையை எடுத்தாள், மகன் இறங்கினான். கையில் ஒரு சீட்டு தந்தார்கள். வேண்டுதல் நிறைவேறியது என்று அதில் சுத்தமாக எழுதியிருந்தது. செல்லியம்மா அங்கேயே நின்று மகனை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் வந்திருக்கவில்லை. பச்சையப்பன் மூட்டையைத் தலைக்கு ஏற்றினார். ஏறும்போது இருந்ததைவிட இறங்கும்போது அதிகம் கனத்தது என்று சொன்னார். அதற்குமேல் அந்த விஷயத்தைப் பற்றி அவர் சாகும்வரை பேசவில்லை.

பஸ்ஸில் செல்லியம்மா ஒரு துண்டை உடைத்து மகன் வாயருகே கொண்டுபோனாள். ஞாயித்துக்கெழம மூணாவது ரேஸ்ல கீறேம்மா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேண்டுதல் தீர்ந்துவிட்டதால் கேட்பதற்கும் அவளுக்கு இனி யாரும் இல்லை.

ஐந்து வருஷம் ஆகிறது. கோவர்த்தனன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். பொங்கலுக்கு வந்தால் மடியில் அம்மிக்குழவி வைத்துக்கொண்டு சாப்பிடுவான், காற்று பலமான நாளில் தாய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள், ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாலசுந்தரத்தின் தங்கை மகள், ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், பத்தொன்பது கிலோவில் வந்திருக்கிறாள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள். மைதானத்துக்குப் போகிறவர்கள் பொது வாசலில் நுழைந்து, பந்தயம் முடிகிற கோட்டுக்கு நேராகக் கம்பி ஓரம் நில்லுங்கள். ஊதாத் தொப்பி போட்டவன் அவன். குதிரை உங்களைக் கடந்து போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கையை ஆட்டுவான். உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது வெளியூர் போயிருப்பார்கள். புறப்பட்ட அன்றைக்கு எத்தனை கிலோ, கடைசியாக வந்தபோது எத்தனை கிலோ, ஒரு கடுதாசி போடுங்கள்.