ஏழு புளியங்கொட்டை

முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு மில் கேண்டீன் காலியாகிவிடும். மூன்றேகாலுக்குத்தான் ஷிப்ட் ஆட்களுக்கு வேன். கமலினி மூலை மேசையில் பழைய காலண்டர் அட்டையைக் கவிழ்த்துப் போட்டாள். அட்டையின் பின்பக்கம் குறுக்கே ஒன்பது கோடு, நெடுக்கே ஒன்பது கோடு. ஒரு டப்பாவில் புளியங்கொட்டை, இன்னொன்றில் வெள்ளைச் சட்டைப் பித்தான்கள்.

கமலினி மில் லேபில் நூலைச் சோதிக்கிறவள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குத் தினமும் பஸ்ஸில் வருகிறாள். கோ ஆட்டத்தைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கோடுகள் வெட்டும் இடத்தில் காய் வைத்து, யார் அதிக இடத்தை வளைக்கிறார்கள் என்று பார்க்கும் ஆட்டம். போனில் ஆடுவதற்கு ஆள் உண்டு. எதிரே உட்கார்ந்து ஆடத்தான் யாரும் இல்லை. லேபில் பாண்டிசெல்வி ஆட வந்து நாலு நாளில் நின்றுவிட்டாள். ஸ்டோர்ஸ் ஜோயல் இரண்டே நாள். ஆட்டம் பரவாயில்லை, முடிந்த பிறகு நீங்கள் விளக்குவதைத்தான் தாங்க முடியவில்லை என்று ஜோயல் முகத்துக்கு நேராகவே சொன்னான். மூன்றாவதாக வந்தவள் வெங்கடேஸ்வரி. இவளும் போய்விட்டால் இனி ஆடக் கூப்பிட ஆளில்லை.

வெங்கடேஸ்வரி சோழபுரத்துக்காரி, கமலினியைவிட ஏழு வயது மூத்தவள். பதினாறு வருடமாகச் சைடர் வேலை. ஓடுகிற மிஷினின் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நூல் அறுந்தால் உடனே ஒட்ட வேண்டும். இன்றைக்கு வந்து உட்கார்ந்ததுமே செருப்பைக் கழற்றிவிட்டுக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

பாத்திரம் கழுவப் போன கேண்டீன் மாரிசெல்வி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி வெங்கடேசு, கொழம்புக்குப் புளி எடுத்தாச்சு. கொட்டைய வச்சுக்கிட்டு என்ன செய்யுத?"

"மேடத்துக்கிட்டத் தோத்துக்கிட்டு இருக்கேன். நீ போ."

கமலினி நேற்றைய ஆட்டத்தை நினைவிலிருந்தே அடுக்கினாள். பதினாலாவது காயில் நிறுத்தினாள். அவள் கையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. அதில் ஆறு தவறுகளைக் குறித்திருந்தாள்.

"அக்கா, இந்த ஒத்தக் கொட்டையப் பாருங்க. சுத்தி உள்ள காலி எடம்தான் இதுக்கு மூச்சு. நான் பித்தான வச்சதும் ஒரு மூச்சுதான் பாக்கி. நீங்க பக்கத்துல இன்னொண்ணு வச்சு இழுத்தீங்க. ரெண்டு மூச்சு ஆச்சு. நான் ஒண்ண அடைச்சேன். மறுபடியும் ஒண்ணு. திரும்ப இழுத்தீங்க..."

சொல்லிக்கொண்டே வைத்தாள். கறுப்பு முன்னே ஓட, வெள்ளை பின்னாலேயே அடைத்துக்கொண்டு போனது. படிக்கட்டு இறங்குவதுபோலக் கோணல்மாணலாகப் போன வரிசை, பலகையின் ஓரத்தில் போய் முட்டி நின்றது. அதற்கப்புறம் மூச்சுக்கு இடமில்லை.

"ஒண்ணு போக வேண்டிய எடத்துல ஏழு போச்சு. அதுக்குள்ள இந்த மூல பூராவும் காலியாவே கெடந்தது. ரெண்டாவது தப்பு..."

வெங்கடேஸ்வரி கண்ணை மூடியிருந்தாள். "மேடம், கோவிச்சுக்காதீக. எனக்கு மண்டைல ஏறல. மேக்கொண்டு எம்புட்டு இருக்கு?"

"இன்னும் அஞ்சு."

"அஞ்சா! இன்னையோட விட்ருதேன். கண்ணு முன்னால ஒண்ணு சாகக் கெடக்கையில எப்பிடி சும்மா இருக்கது? நீங்க ஒரு நா எங்கூட நடந்து பாத்திருக்கணும். இன்னைக்கு என்னா அறுப்புங்கிறீக! இந்தப் பக்கம் ஒட்டுனா அந்தப் பக்கம் அறுது. கடைசில நாலஞ்சு நூல அப்பிடியே விட்டுட்டேன்."

லேப்காரியாகவே கமலினி கேட்டுவிட்டாள். "விட்டுட்டீங்களா? ஏன்?"

"டாஃப் எடுக்க அஞ்சு நிமிசம்தான் இருந்துச்சு. நூலு நெறஞ்ச கண்டையெல்லாம் கழத்திட்டுப் புதுசா ஓட்டப் போறாங்க. அதுக்குள்ள அந்த நாலுக்காக ஓடுனா அங்கன பத்து அறுந்து கெடக்கும். எதுக்கு ஓடணும், எத விடணும்னு..."

வெங்கடேஸ்வரி நிறுத்தினாள். அவள் கண் அட்டைக்குப் போயிற்று.

கமலினிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதேதான் அக்கா, இதுவும் அதேதான், என்று ஆரம்பித்தால் பத்து நிமிடம் பேசுவாள். இந்த ஆட்டம் எப்படி இயங்குகிறது என்பதை, நாலு நூலை விட்ட இந்தக் கதையைவிட அழகாகச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். சீட்டை மடித்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள். நாள் முழுக்கச் செய்த வேலையைவிட அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வெங்கடேஸ்வரி ஓரத்திலிருந்து ஒவ்வொரு கொட்டையாக எடுத்தாள். இடையிடையே இருந்த பித்தான்களையும் எடுத்துக் கமலினி பக்கம் தள்ளினாள். பதினாலாவது காய்வரை பலகை பின்னோக்கிப் போயிற்று. ஒற்றைக் கொட்டை மூச்சு முட்டி நின்றது. அதைத் தொடவில்லை. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, காலியாகக் கிடந்த மூலையில் ஒரு கொட்டையை வைத்தாள்.

"இது போனாப் போகுதுன்னு விட்டுட்டு இங்கன வந்தா?"

ஒரு கோடு உள்ளே தள்ளி வைத்திருந்தால் மூலை இன்னும் பெரிதாக வளைந்திருக்கும். கமலினி அதைச் சொல்லாமல் விழுங்கினாள்.

"சரிதானா மேடம்? சொல்லுங்க."

"ஆடிப் பாப்பமா, அக்கா?"

ஒற்றைக் கொட்டையின் கடைசி மூச்சை அடைத்து, கமலினி அதைப் பலகையிலிருந்து எடுத்தாள். வெங்கடேஸ்வரியின் முகம் சுருங்கிற்று. ஆனாலும் மூலையில் இன்னொரு கொட்டை வைத்தாள். கமலினி அதையொட்டி ஒரு பித்தான் வைத்தாள். நேற்றாக இருந்தால் அந்த நொடியே பக்கத்தில் ஒன்று வந்திருக்கும். வெங்கடேஸ்வரி கொட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே பலகை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.