சுண்ணாம்புக் கோட்டுப் பாசி

ப்ளீச்சிங் தொட்டியில் பதினோரு வருஷம் நின்றதில் என் நெஞ்சில் எப்போதும் ஒரு கரகரப்பு. மேனேஜர் ஞானசம்பந்தம் இரக்கப்பட்டு, அதே பனியன் கம்பெனியில் சுவரும் வாசலும் பார்க்கிற வேலைக்கு என்னை மாற்றினார். மாற்றும்போதே சொல்லிவிட்டார்: பனியன் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கம்பெனியைச் சோதிக்க, ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அழுக்கைக் கண்டால் மறுபடியும் தொட்டிதான்.

கம்பெனி முன்பு பஞ்சு குடோனாக இருந்தது. பின்சுவர் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அதில் கை கழுவுகிற குழாயடிப் பக்கம் ஒரு பாசி இருந்தது. கல்லைத் தொடாது. காரை போன வழியில் மட்டும் கோடு போட்ட மாதிரி வளரும். ஒவ்வொரு கொத்தும் சட்டைப் பித்தான் அளவு. குனிந்து பார்த்தால் இலை நுனியில் வெள்ளை மயிர், நடுவில் ஊசிபோல் சிவந்த காம்பு, அதன் தலையில் கம்பரிசியைவிடச் சின்னதாக ஒரு மொட்டு.

இரண்டு தடவை சுரண்டினேன், திரும்ப வந்தது. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன். அடுத்த மழைக்குக் கல்லின் மேலும் ஏறிக்கொண்டது. தைத்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங்கில் இருக்கும் கண்ணம்மாள் கை கழுவ வந்தவள் நின்று பார்த்தாள்.

“ஏனுங்ண்ணா, சுண்ணாம்பு ஊட்டி வளத்தீட்டீங்க. வெத்தலை பாக்கு எப்ப வெக்கறீங்க?”

2007 மாசியில் ஆடிட் என்றார்கள். ஈரம் இல்லாவிட்டால் அந்தப் பாசி சுருண்டு சாம்பல் நிறமாகிவிடும், சுவரோடு சுவராகத் தெரியாது என்பதைக் கவனித்து வைத்திருந்தேன். ஆடிட்டுக்கு நான்கு நாள் முன்பே, வாசர் போய்விட்டது என்று சொல்லிக் குழாயைச் சாக்கால் கட்டினேன். அதை நம்பாமலே கம்பெனியின் ஐம்பது பேரும் கேட் பக்கத்துக் குழாய்க்கு நடந்தார்கள். போகிறபோதெல்லாம் பாசிக்கு உடம்பு தேவலையா என்று விசாரித்தார்கள். சம்சாரத்தைக்கூட நீங்க இப்படிக் காபந்து பண்ணியிருக்க மாட்டீங்க என்றாள் கண்ணம்மாள். ஆனாலும் மூன்றாம் நாள் பச்சை போய்விட்டது.

ஆடிட்டுக்குச் சென்னையிலிருந்து பிரிசில்லா மேடம் வந்தார். சுவரைத் தாண்டிப் போனார், ஒன்றும் தெரியவில்லை. சாக்கைக் கண்டதும் நின்றார். எத்தனை நாளாகத் தொழிலாளிகளுக்குத் தண்ணீர் இல்லை என்று கேட்டார். ஞானசம்பந்தம் சாரின் முகம் என் பக்கம் திரும்பியது.

கண்ணம்மாள்தான் முன்னால் வந்தாள். “கொழாய் நல்லாத்தானுங்க இருக்குது. அண்ணன் பாசியப் பட்டினி போட்டிருக்கறாரு. உங்க கண்ணுல பட்டா மறுக்காத் தொட்டிக்கு அனுப்பிருவாங்கன்னு பயம்.”

மேடம் சாக்கை அவிழ்க்கச் சொன்னார். குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீரைச் சுவரில் இறைத்தார். சாம்பல் மெல்ல விரிந்து, பார்த்துக்கொண்டு இருக்கும்போதே பச்சையானது. குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து மேனேஜரிடம் கேட்டார்: “இவர் இவ்வளவு பயப்படறாரே, அது எந்தத் தொட்டி? காட்டுங்க.”

பின்கட்டுக்குப் போனார்கள். மேடம் வெளியே வந்தபோது கண்ணில் நீர், மூக்கில் கர்ச்சீப். குழாயை மூடக்கூடாது, தொட்டியில் நிற்கிறவர்களுக்கு மாஸ்க் வேண்டும் என்று எழுதினார். சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவர் வண்டி ஏறியதும் ஞானசம்பந்தம் சார் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

“அப்புசாமி, இனிமே அந்தச் சொவத்துமேல கைய வெக்காதீங்க. கூட்டிப் பெருக்குனாப் போதும்.”

அன்று மத்தியானம் ஐம்பது பேரும் அந்தக் குழாயிலேயே கை கழுவினார்கள். விளக்குமாற்றோடு நின்ற என்மேல் படும்படி, பாசிக்குத் தெளிக்கிற மாதிரி, கையை உதறிவிட்டுப் போனார்கள்.