கடைசி வரிசையும் தெரியணும்

தையல் கூடத்து மேற்பார்வையாளருக்கு அந்த ஆண்டின் சிறந்த பணியாளர் என்ற பெயர் கிடைத்தது. ஆண்டு மலரின் அட்டைக்கு அவர் படம் வேண்டுமாம். எடுக்க வந்தவள் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தங்கைதான். அவளை இன்னும் விளையாட்டுப் பிள்ளை என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் படத்தைக் கேமராவிலேயே காட்டினாள். அவருடைய மீசை நரையை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். பின்னால் தைத்துக்கொண்டிருந்த முப்பத்தாறு பேரும் தண்ணீர் பட்ட மை போலக் கலங்கியிருந்தார்கள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். இவங்கெல்லாம் எங்க போனாங்க? இவங்க தச்சுத்தானே எனக்குப் பேரு வந்துச்சு?"

"இத முதல்லயே சொல்லக் கூடாதா மாமா?"

அவ்வளவுதான், மளமளவென்று வேலையில் இறங்கினாள். அகன்ற லென்ஸை மாட்டினாள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, அவரை நாலடி பின்னால் தள்ளினாள்.

"லென்ஸோட கண்ணச் சுருக்கப் போறேன். தூரத்து போர்டப் படிக்க நாம கண்ணச் சுருக்கறோமே, அது மாதிரி. முன்னாடி பின்னாடி எல்லாமே தெளிவா விழும். ஆனா வெளிச்சம் கம்மியா உள்ள போகும். அதனால ஒரு நொடி யாரும் அசையக் கூடாது."

ஃபோகஸ் குறியை அவர்மேல் வைக்காமல் இரண்டாவது வரிசையில் வைப்பதாகச் சொன்னாள்.

"என்னம்மா, என்ன விட்டுட்டியே?"

"உங்க மூக்குல வச்சா கடைசி வரிசை மங்கிடும். கொஞ்சம் உள்ள தள்ளி வச்சா ரெண்டு பக்கமும் கிடைக்கும்."

தையல் இயந்திரங்கள் நின்றன. முதல் தடவை பட்டன் பிரிவில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடுத்த தடவை தும்மியது சாட்சாத் மேற்பார்வையாளர். மூன்று, நான்கு என்று போனது. அவள் முகம் சுளிக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் படத்தின் தூர மூலையைப் பெரிதாக்கிப் பார்த்து, "இன்னொன்னு" என்றாள். ஒரு தையல் கோணினாலும் சட்டையைத் திருப்பி அனுப்புகிற மனிதர் அவர். இப்போது ஒவ்வொரு தடவையும் அவரே முதல் ஆளாகத் தன் இடத்தில் போய் நின்றார்.

ஐந்தாவது படத்தில் தலையாட்டினாள்.

மலர் வந்த அன்று கூடமே அதைச் சுற்றி மொய்த்தது. கடைசி வரிசையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அம்மாள் அட்டையில் விரலை வைத்தாள்.

"இதோ நான்! கழுத்துல தொங்கற டேப்பு கூடத் தெரியுது பாருங்கடி!"

மேற்பார்வையாளர் வீட்டுக்கும் ஒரு பிரதி கொண்டுபோனார். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். அவர் விரல் முதலில் போனது தன் முகத்துக்கல்ல. அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த மச்சினியின் பெயருக்கு.