நான்கு எலுமிச்சம்பழச் சைக்கிள்

சிங்கப்பூரில், பிடோக்கில் ரத்னவேல் வீட்டுச் சைக்கிள், 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணி முதல் தன்னைக் கார் என்று நம்பத் தொடங்கியது. தப்பு ரத்னவேலுடையதுதான். கார் வாங்கும் ஆசையைப் பதினான்கு வருடமாக மனத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர், பிள்ளைகளுக்காக வாங்கிய பழைய சைக்கிளை ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போய், சந்தனம் வைத்து, மாலை போட்டு, காருக்கு வைப்பதைப் போல நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தார். "சைக்கிளுக்கு ரெண்டு போதுமேங்க" என்றார் குருக்கள். "இருக்கட்டும் சாமி, வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார் இவர். சக்கரம் ஏறி இரண்டு பழம் நசுங்கியது. ஓரடி தள்ளிச் சும்மா கிடந்த மற்ற இரண்டும் அதே நொடியில் தாமாகவே நசுங்கின. குருக்கள் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

அன்றிலிருந்து அது நடைபாதையில் ஏறவே இல்லை. வீட்டில் நிறுத்தினால் பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குத் தானே போய், இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே நேராக நின்றுகொள்ளும். அபராதச் சம்மன் எழுத வந்தவர் அதை எங்கே செருகுவது என்று இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டார். சிவப்பு விளக்கைக் கண்டால் பிரேக்கைத் தொடாமலேயே சடக்கென்று நிற்கும். ஓட்டும் மூத்த மகள் நிவேதிதா முதலில் பறப்பாள். அவள்மேல் தம்பி பிரபாகர் விழுவான். பின்னால் கேரியரில் இருந்த கடைக்குட்டி ரோஷினி அவன்மேல் மெத்தென்று உட்காருவாள். ஒருமுறை மூவரும் கோப்பிக்கடை மேசையில் யாரோ வாங்கிவைத்த, துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங்குக்குள் போய் இறங்கினார்கள். "சத்தியமா நான் பிரேக்கத் தொடவே இல்லலா!" என்று நிவேதிதா அழ, அம்மா பாக்கியலட்சுமி மூவர் தலையிலிருந்தும் சிவப்புப் பாகைக் கழுவினாள்.

அக்காவுக்கு முழங்காலில் தழும்பு. அண்ணனுக்குத் தாடையில் தழும்பு. பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டிக் காட்டியே இருவரும் பெரிய ஆளாகிவிட்டார்கள். ரோஷினிக்கு ஒரு கீறல்கூடக் கிடையாது. என்ன கொடுமை! கால் எட்டட்டும், முன்னால் உட்கார்ந்து முதல் ஆளாக விழ வேண்டும் என்று ஒன்பது வருடங்களுக்கு மேல் வளர்ந்துகொண்டே இருந்தாள். கால் பெடலைத் தொட்டது 2023 பிப்ரவரியில், ஒரு திங்கட்கிழமை. அந்த வார வெள்ளிக்கிழமையோடு வண்டிக்குப் பத்து வருடம் முடிகிறது. சிங்கப்பூரில் பத்து வருடம் முடிந்த கார், உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போக வேண்டும். இது யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்தச் சைக்கிளுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அது தானே மின்தூக்கியில் இறங்கி, இரும்புக்கடைப் பக்கம் உருளத் தொடங்கியது. மூவரும் பல் துலக்காமல் பின்னால் ஓடினார்கள். பிடித்தே இருக்க மாட்டார்கள். நல்லவேளை, முதல் சந்திப்பில் விளக்கு சிவப்பாகி, வண்டி ஒழுங்காக நின்றது. அன்று அந்த விளக்கு பதினொரு நிமிடம் சிவப்பாகவே இருந்தது. பிரபாகர் எதிரே இருந்த நாகூர் கனி கடைக்கு ஓடி, நான்காகக் கட்டி விற்ற எலுமிச்சம்பழங்களோடு வந்தான். "ரெண்டு மட்டும் வைப்போம். வெறும் சைக்கிளாயிடும், தப்பிச்சிடும். இனிமே யாரும் விழ வேணாம்" என்றபடி இரண்டைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தான்.

"நீ விழுந்தாச்சு, அக்கா விழுந்தாச்சு. எனக்கு மட்டும் வெறும் சைக்கிளா?" என்றாள் ரோஷினி. நிவேதிதா தம்பி சட்டைப் பையில் கைவிட்டு மீதி இரண்டு பழங்களையும் எடுத்து, ஓரடி தள்ளி வைத்தாள்.

விளக்கு பச்சையானது. ரோஷினி ஏறி மிதித்தாள். நான்கும் நசுங்கின. அடுத்த சந்திப்பில் விளக்கு சிவப்பாக, அவள் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து, முதல் ஆளாக, முழங்கையில் விழுந்தாள். மூன்று தையல். தழும்பு நன்றாகவே தெரிகிறது. வண்டி இனி 2033 பிப்ரவரி வரை ஓடலாம்.